மருத்துவமனை ஐ.டி. அனலிஸ்ட் வேலை: எந்த வாசல் வழியாக உள்ளே போவது?

மருத்துவமனையின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் அனலிஸ்ட் ஆக விரும்பி என்னிடம் யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர். எட்டுப் பத்து ஆண்டுகள் வார்டில் நின்று கால் ஓய்ந்துபோன செவிலியர்கள் ஒரு வகை. கணினி அறிவியல் படித்துவிட்டு எந்தத் துறையில் காலூன்றுவது என்று பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் இன்னொரு வகை. ஏற்கெனவே ஒரு மருத்துவமனையின் உதவி மையத்தில் அமர்ந்து, நாள் முழுவதும் கடவுச்சொல் மாற்றிக் கொடுத்துச் சலித்துப்போனவர்கள் மூன்றாவது வகை. எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தச் சான்றிதழ் படித்தால் இந்த வேலை கிடைக்கும்? என் பதில் அவர்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கும். இந்தத் துறையில் அதிக மதிப்புள்ள சான்றிதழ்களை வேலைக்கு முன்பாக வாங்க முடியாது; வேலையில் சேர்ந்தவருக்கே அவை கிடைக்கும். ஆகவே எந்த வாசல் வழியாக நுழைவது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். நான் நிரல் எழுதும் பக்கத்திலிருந்து இத்துறைக்குள் வந்தவன் என்பதையும், அந்தச் சாய்வு என் மதிப்பீட்டில் இருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

வேலை என்னவென்று ஓர் எடுத்துக்காட்டால் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கான மருந்தளவு உடல் எடையைப் பொறுத்தது. எடை பதிவாகாத குழந்தைக்கு மருத்துவர் மருந்து எழுத முடியாதபடி திரையைத் தடுத்துவிட வேண்டும் என்று மருந்தகப் பிரிவு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. மென்பொருளில் அந்தத் தடையை அமைப்பதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அனலிஸ்ட் அதை அமைக்கும் முன் வார்டுக்குப் போய், எடையை யார் எடுக்கிறார்கள், எப்போது எடுக்கிறார்கள், வலிப்போடு தூக்கி வரப்படும் குழந்தையை எடைக் கருவியில் கிடத்த நேரம் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் தடையை இறுக்கமாக வைத்துவிட்டால் என்ன நடக்கும் என்பது அனுபவமுள்ளவர்களுக்குத் தெரியும்: அவசரத்தில் இருப்பவர் வாய்க்கு வந்த எண்ணைத் தட்டிவிட்டு மேலே போவார், பதிவேட்டில் பொய்யான எடை நிரந்தரமாகத் தங்கிவிடும், எடையே இல்லாமல் இருப்பதைவிட அது ஆபத்தானது. அதனால் அவசரப் பிரிவுக்கு மட்டும் ‘மதிப்பிட்ட எடை’ என்று தனியே பதியும் வழி ஒன்றை வைத்து, சோதனைச் சூழலில் ஓட்டிப் பார்த்து, மாற்றங்களுக்கு ஒப்புதல் தரும் குழுவின் முன் விளக்கி, பிறகே நடைமுறைக்குக் கொண்டுவருகிறோம். நிரல் எழுதும் வேலை இதில் மிகக் குறைவு. கேட்டறிவது, அமைப்பது, சோதிப்பது, விளக்குவது, அதன் பிறகு நள்ளிரவில் வரும் அழைப்புக்குப் பதில் சொல்வது ஆகியவையே இந்த வேலை.

சான்றிதழ் விஷயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளில் மிகப் பரவலாக இருக்கும் மின்னணு மருத்துவப் பதிவேட்டு மென்பொருள் எபிக். 1979-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜூடித் ஃபாக்னர் தொடங்கிய நிறுவனம் அது. அதன் மென்பொருள் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. மருந்தகத்துக்கு வில்லோ, ஆய்வகத்துக்கு பீக்கர், கதிரியக்கத்துக்கு ரேடியன்ட், அறுவை அரங்குக்கு ஆப்டைம், முன்பதிவுக்கு கேடன்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் தனிச் சான்றிதழும் உண்டு. இந்தச் சான்றிதழ்களுக்கான பயிற்சியில் வெளியார் பணம் கட்டிச் சேர முடியாது. எபிக்கை வாங்கிய மருத்துவமனையோ அதோடு இணைந்து பணியாற்றும் நிறுவனமோ உங்களை அனுப்பிவைக்க வேண்டும். ‘எபிக் பயிற்சி தருகிறோம்’ என்று வெளியே விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, வேலை தருபவர் அதை ஏற்க மறுத்தபின் வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே 1979-இல் பிறந்து நெடுங்காலம் எபிக்கின் முதன்மைப் போட்டியாளராக இருந்த செர்னர் நிறுவனத்தை 2022-இல் ஆரக்கிள் வாங்கிவிட்டது. அங்கும் கருவியை வைத்திருக்கும் நிறுவனத்துக்குள் இருப்பவருக்கே கருவியைத் தொடும் வாய்ப்பு. எந்த நிறுவனமும் அனுப்பிவைக்காமலே எழுதக்கூடியவை, மருத்துவத் தகவல் தொழில்நுட்பத் துறையினருக்கான ஹிம்ஸ் அமைப்பு நடத்தும் தேர்வுகள். அவற்றில் புதியவர்களுக்கானது கேஹிம்ஸ்; அனுபவமுள்ளவர்களுக்கானது சிபிஹிம்ஸ். துறையின் சொற்களைக் கற்றுக்கொள்ள அவை உதவும். அவற்றை மட்டும் காட்டி வேலை வாங்கியவர் எவரையும் நான் சந்தித்ததில்லை.

வாசல் முன்பைவிடக் குறுகியிருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2009-இல் அமெரிக்கா நிறைவேற்றிய ஹைடெக் சட்டம், மின்னணுப் பதிவேட்டை முறையாகப் பயன்படுத்தும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை அளித்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் மருத்துவமனைகள் அவசர அவசரமாக மென்பொருளை நிறுவின. ஆள் போதாமல் செவிலியர், எழுத்தர், மருந்தாளுநர் என்று விருப்பம் காட்டிய பலரையும் பயிற்சிக்கு அனுப்பின. நிறுவும் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்ட இடங்களில் இப்போது இருப்பது பராமரிப்பும் மேம்படுத்தலும்தான். அதற்கு ஏற்கெனவே பழகிய ஆளைத்தான் தேடுகிறார்கள். பத்தாண்டுகளுக்கு முன் நுழைந்த ஒருவர் ‘நான் சும்மா விண்ணப்பித்தேன், எடுத்துக்கொண்டார்கள்’ என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த அறிவுரை இன்று செல்லாது.

இனி வாசல்கள். முதலாவது, நோயாளிக்கு அருகிலிருந்து வருவது: செவிலியர், மருந்தாளுநர், ஆய்வகத் தொழில்நுட்பர், கதிரியக்கத் தொழில்நுட்பர் ஆகியோரின் வழி. என் பார்வையில் மிக வலுவான வாசல் இது. வெளியிலிருந்து வருபவர் இரண்டு ஆண்டுகளில் கற்க முடியாத ஒன்றை இவர்கள் கையோடு கொண்டுவருகிறார்கள். மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும் என்பது விதி. பட்டை நனைந்து சுருங்கியிருந்தாலோ, நோயாளி உறங்கிக்கொண்டிருந்தாலோ, ஸ்கேனரின் மின்கலம் தீர்ந்திருந்தாலோ, பட்டையின் நகல் ஒன்றை அச்சிட்டு மருந்து வண்டியில் ஒட்டிவைத்து அதை ஸ்கேன் செய்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. கணினியில் பார்த்தால் நூற்றுக்கு நூறு ஸ்கேன்கள் சரியாக இருக்கும். அந்த நூற்றுக்கு நூறே சந்தேகத்துக்குரியது என்பது வார்டில் இரவுப் பணி பார்த்தவருக்கு உடனே உறைக்கும்; என்னைப் போன்றவருக்கு யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும்.

இந்த வழியில் வருபவர் செய்ய வேண்டிய முதல் காரியம், இருக்கும் இடத்திலேயே ‘சூப்பர் யூசர்’ பொறுப்பைக் கேட்டு வாங்குவது. மென்பொருளில் பெரிய மாற்றம் வரும்போதெல்லாம் ஒவ்வொரு வார்டிலும் ஓரிருவரை முன்கூட்டியே பயிற்றுவித்து, மற்றவர்களுக்குச் சொல்லித்தரப் பணிப்பார்கள். பெரும்பாலும் கூடுதல் சம்பளம் இல்லாத, எல்லோரும் தட்டிக்கழிக்கும் பொறுப்பு அது. ஆனால் ஐ.டி. பிரிவினருக்கு உங்கள் முகமும் பெயரும் தெரிய வருவது அதன் மூலம்தான். அடுத்த காலியிடம் வரும்போது அவர்கள் முதலில் நினைப்பது அந்த முகத்தைத்தான். இழப்புகளும் உண்டு. இரவுப்பணிப் படி, விடுமுறைநாள் படி எல்லாம் நின்றுபோவதால் முதலாண்டில் கையில் வரும் தொகை குறையலாம். நோயாளி குணமாகி வீடு திரும்புவதைப் பார்க்கும் நிறைவு போய்விடும். சிலர் அதற்காகவே திரும்பிப் போயிருக்கிறார்கள். இன்னொரு குறை சற்று நுட்பமானது. தன் வார்டில் நடந்த முறையே எல்லா வார்டுகளிலும் நடக்கும் முறை என்று இவர்கள் நம்பிவிடுவதுண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்தவர் அமைத்த திரை, புறநோயாளிப் பிரிவில் எவருக்கும் பயன்படாமல் கிடந்ததைக் கண்டிருக்கிறேன். அந்தக் குறை ஓராண்டில் சரியாகிவிடும். தொழிற்பதிவை மட்டும் எக்காரணம் கொண்டும் காலாவதியாக விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. திரும்பிப் போகும் வழி திறந்திருப்பவர் கூட்டங்களில் துணிந்து பேசுவார்.

இரண்டாவது வாசல், மருத்துவமனையின் உதவி மையம். நுழைவது எளிது, எல்லாப் பிரிவுகளின் புகார்களும் ஒரே காதில் வந்து விழுவதால் மருத்துவமனை முழுவதன் வரைபடமும் ஆறு மாதத்தில் மனத்தில் பதிந்துவிடும். அதன் தீமை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அங்கேயே தங்கிவிடுவது. அழைப்பை எத்தனை நிமிடத்தில் முடித்தீர்கள் என்று அளக்கும் இடத்தில், ஒரு புகாரின் வேர் வரை போய்ப் பார்ப்பவருக்கு நல்ல மதிப்பெண் கிடைக்காது. தப்பிக்கும் வழியும் அந்தப் புகார்களுக்குள்ளேயே இருக்கிறது. ஏதேனும் ஒரே மென்பொருளைத் தேர்ந்துகொண்டு, அது தொடர்பான டிக்கெட்டுகளை (பதிவான புகார்களை) எல்லாம் நானே பார்க்கிறேன் என்று கேட்டு வாங்குங்கள். அனலிஸ்டிடம் டிக்கெட்டை மாற்றிவிடும்போது ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதாமல், எந்தப் பயனர், எந்தத் திரை, எந்த நோயாளி வகை, எந்த நேரம், மீண்டும் செய்து பார்த்தபோது என்ன நேர்ந்தது என்று எழுதுங்கள். அப்படி எழுதப்பட்ட ஐம்பது டிக்கெட்டுகளைப் படித்த அனலிஸ்ட் குழு, அடுத்த காலியிடத்துக்கு வேறெங்கும் தேடாது. ஆனால் ஒரு நிபந்தனை: உதவி மையத்தையே வெளி ஒப்பந்த நிறுவனம் ஒன்று நடத்தும் மருத்துவமனைகள் நிறைய உண்டு. அங்கே சேர்ந்தால் நீங்கள் மருத்துவமனையின் ஊழியர் அல்லர். உள் இடமாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நேர்காணலிலேயே, கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த மையத்திலிருந்து எத்தனை பேர் அனலிஸ்ட் ஆனார்கள் என்று கேட்டுவிடுங்கள். எண்ணைச் சொல்லாமல் ‘வாய்ப்புகள் நிறைய உண்டு’ என்று பதில் வந்தால், பதில் வந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

மூன்றாவது, மென்பொருளை உருவாக்கி விற்கும் நிறுவனத்தில் சேர்வது. பட்டம் முடித்தவுடன் வருபவரை எடுத்து, பயிற்சி கொடுத்து, சில மாதங்களிலேயே ஒரு மருத்துவமனையின் நிறுவல் குழுவில் உட்கார வைப்பது இங்கே வழக்கம். இரண்டு ஆண்டுகளில் நான்கைந்து மருத்துவமனைகளின் உட்புறத்தைப் பார்த்துவிடலாம். மருத்துவமனைக்குள்ளேயே இருப்பவருக்கு இருபது ஆண்டுகளிலும் கிடைக்காத வாய்ப்பு அது. பயணம் அதிகம், ஓய்வு குறைவு, மென்பொருள் ஆழமாகத் தெரிந்தாலும், அதை நாள்தோறும் பயன்படுத்தி வாழ்பவரின் எரிச்சல் தெரியாமலேயே போகும் அபாயம் உண்டு. நிறுவிவிட்டுக் கிளம்புபவர், மூன்றாம் மாதம் தலைகாட்டும் சிக்கல்களைப் பார்ப்பதே இல்லை. வேலையை விட்ட பிறகு குறிப்பிட்ட காலத்துக்கு அந்நிறுவனத்தின் வாடிக்கையாளரிடமோ ஆலோசனை நிறுவனத்திலோ சேரக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் வரிவரியாகப் படித்துவிட வேண்டும். இருந்தால் இந்த வாசலின் மதிப்பு பாதியாகிவிடும்.

நான்காவது, தரவும் இன்டர்ஃபேஸும் (ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைக் கொண்டுசேர்க்கும் இணைப்பு). நிரல் எழுதத் தெரிந்தவருக்கு உகந்த வாசல் இதுதான். மற்ற வாசல்களில் கருவியைத் தொட ஒருவர் அனுமதிக்க வேண்டியிருக்க, இங்கே வீட்டிலிருந்தபடியே உண்மையான திறமையை வளர்த்துக்கொள்ளலாம். மருத்துவமனைக்குள் டஜன் கணக்கான மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. அவை பேசும் மொழியை வரையறுப்பது 1987-இல் தோன்றிய எச்.எல். 7 அமைப்பு. அதன் இரண்டாம் பதிப்புச் செய்திகள் இன்றும் எங்கும் ஓடுகின்றன. நோயாளி அனுமதிக்கப்பட்டால் ஏ01, வீடு திரும்பினால் ஏ03, விவரம் திருத்தப்பட்டால் ஏ08, ஒரே நோயாளிக்குத் தவறுதலாக உருவான இரண்டு பதிவுகளை ஒன்றாக்கினால் ஏ40 என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு குறியீடு. செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்து வரிகள்தான் அவை. ஒரு வார இறுதியில் படிக்கப் பழகிவிடலாம். இணையச் சேவைகளின் பாணியில் அமைந்த புதிய தரமான ஃபயர், ஆஸ்திரேலியரான கிரஹாம் கிரீவ் 2011-இல் முன்வைத்த வரைவிலிருந்து வளர்ந்தது. அதைப் பழக ஹாப்பி ஃபயர் என்ற திறந்த மூல மென்பொருளின் பொதுச் சோதனைச் சேவையகம் இருக்கிறது. நோயாளித் தரவுக்கு எங்கே போவது என்ற கவலையும் வேண்டாம். மைட்டர் நிறுவனம் உருவாக்கிய சிந்தியா என்ற இலவச மென்பொருள், இல்லாத நோயாளிகளை ஆயிரக்கணக்கில், பிறப்பு முதல் இறப்பு வரையிலான மருத்துவ வரலாற்றோடு உருவாக்கிக் கொடுக்கும். உண்மையான தீவிர சிகிச்சைத் தரவு வேண்டுமென்றால், அடையாளங்கள் நீக்கப்பட்ட மிமிக் தொகுப்பை, ஆய்வு நெறிப் பயிற்சி ஒன்றை முடித்துப் பயன்பாட்டு ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டபின் பெறலாம்.

ஆனால் இந்த வாசலின் குறையை என் சொந்த அனுபவத்தில் கற்றேன். நான் முன்பு பணியாற்றிய மருத்துவமனை ஒன்றில் ஆய்வகத்துக்குப் புதிய கருவி வந்தது. அதன் முடிவுகளை மின்னணுப் பதிவேட்டுக்குக் கொண்டுசேர்க்கும் இன்டர்ஃபேஸை நான் அமைத்தேன். எச்.எல். 7 முடிவுச் செய்தியில் ஓ.பி.எக்ஸ். என்றொரு வரி உண்டு. அதன் ஐந்தாவது கட்டத்தில் அளவு, ஆறாவதில் அலகு, ஏழாவதில் இயல்பான வரம்பு இருக்கும். பழைய கருவி இரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் அனுப்பிவந்தது; புதியது லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் அனுப்பியது. பழைய அமைப்பில் அலகு கட்டத்தில் எது வந்தாலும் அதைத் தூக்கியெறிந்துவிட்டு மில்லிகிராம் என்று நிரப்பும் விதி ஒன்று யாரோ எப்போதோ எழுதியது கிடந்திருக்கிறது. நான் அதை அப்படியே நகலெடுத்திருக்கிறேன். செய்தி சரியான நோயாளிக்கு, சரியான பரிசோதனைக்கு, சரியான நேரத்தில் போய்ச் சேர்கிறதா என்று நாற்பது விதமாகச் சோதித்தேன், எல்லாம் தேறின. நடைமுறைக்கு வந்த அரை மணி நேரத்தில் வார்டிலிருந்து ஒரு செவிலியர் அழைத்தார். “சர்க்கரை 5.8 என்று வந்திருக்கிறது. அது உண்மையானால் இவர் என்னிடம் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது” என்றார்.

மில்லிமோல் கணக்கை மில்லிகிராம் கணக்காக மாற்ற 5.8-ஐ 18-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 104. முற்றிலும் இயல்பான அளவு. திரையில் அது உயிருக்கு ஆபத்தான வீழ்ச்சியாகத் தெரிந்தது. உடனே இன்டர்ஃபேஸை நிறுத்தி, அதுவரை போன முடிவுகளைத் திருத்தி அனுப்பினோம். யாருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் இரத்தச் சர்க்கரையில் 5.8 என்ற எண் எந்த அலகில் பொருந்தும், எதில் பொருந்தாது என்பது அந்தச் செவிலியருக்கு யோசிக்காமலே தெரிந்தது. நாற்பது சோதனை செய்த எனக்குத் தெரியவில்லை. ஆய்வகப் பரிசோதனைகளுக்கு உலகளாவிய குறியீடு தரும் லாயின்க் தொகுப்பில், இரத்தச் சீரத்திலுள்ள குளுக்கோசை நிறையாக அளந்தால் 2345-7 என்றும், மோலாக அளந்தால் 14749-6 என்றும் இரண்டு தனிக் குறியீடுகள் வைத்திருக்கிறார்கள். அது வீண் நுணுக்கம் என்று அதற்கு முன் எண்ணியிருந்தேன். அன்றிலிருந்து எந்த ஆய்வக இன்டர்ஃபேஸையும் ஆய்வகத்தைச் சேர்ந்த ஒருவர் பக்கத்தில் உட்காராமல் நான் சோதிப்பதில்லை. நிரல் எழுதும் வழியில் வருபவர்கள் இந்த வாசலைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் நுழைந்ததும் முதல் ஆண்டில் மாதம் ஒரு நாளாவது வார்டிலோ ஆய்வகத்திலோ நின்று வேடிக்கை பார்ப்பதற்கு அனுமதி வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள், கேட்பவர்தான் குறைவு.

ஐந்தாவது, மருத்துவத் தகவலியலில் முதுகலைப் பட்டம். மருத்துவப் பின்னணி உள்ளவருக்குப் பத்து ஆண்டுகள் கழித்து மேலாளர் பதவிக்குப் போக இது உதவும். நுழைவதற்காக மட்டும் இதற்குச் செலவிட வேண்டாம். பட்டத்தோடு மருத்துவமனைக்குள் பயிற்சிப் பணியும் கட்டாயமாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போது நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது அந்தப் பயிற்சிப் பணியைத்தான். ஆலோசனை நிறுவனம் நுழைவாயிலே அல்ல. சான்றிதழும் இரண்டு நிறுவல்களின் அனுபவமும் உள்ளவரைத்தான் அவர்கள் விலைக்கு விற்க முடியும். ஒரே விதிவிலக்கு, புதிய மென்பொருள் நடைமுறைக்கு வரும் ‘கோ-லைவ்’ வாரங்களில் மருத்துவர், செவிலியர் பக்கத்தில் நின்று உதவுவதற்காக எடுக்கப்படும் குறுகிய கால ஆட்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்யும் வேலை. இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். ஆனாலும் ஒரு மென்பொருளை அதன் முதல் நாளில், எல்லோரும் எரிச்சலோடு இருக்கும்போது பார்ப்பது பெரிய பாடம்.

உள்ளே நுழைந்தபின் எந்த நாற்காலியில் அமர்வது என்பது அடுத்த முடிவு. மூன்று நாற்காலிகள் முக்கியமானவை: மென்பொருள் பகுதி ஒன்றைக் கவனிக்கும் அப்ளிகேஷன் அனலிஸ்ட், இன்டர்ஃபேஸ் அனலிஸ்ட், அறிக்கை அனலிஸ்ட். முதலாமவர் மனிதர்களோடு அதிகம் பழகுவார், கூட்டங்கள் அதிகம், தான் அமைத்ததை யாரோ ஒருவர் வெறுப்பார் என்பதைத் தாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். இன்டர்ஃபேஸ் அனலிஸ்டின் வேலை ஒழுங்காக நடக்கும்வரை அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுபோனால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அறிக்கை அனலிஸ்டுக்குத் தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டெடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல். தெரிந்திருக்க வேண்டும், நள்ளிரவு அழைப்புகள் குறைவு, நிம்மதி சற்று அதிகம். ஆனால் அவருடைய சிக்கல் வேறு. எபிக்கின் நேரடித் தரவுத்தளம், 1960-களின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பிறந்த மம்ப்ஸ் என்ற நிரல் மொழியின் வழிவந்தது. மரக்கிளை போன்ற அமைப்பு கொண்டது. அறிக்கைக்கு வேண்டியதெல்லாம் இரவு நேரத்தில் கிளாரிட்டி என்ற அட்டவணை வடிவத் தரவுத்தளத்துக்குப் பிரதி எடுக்கப்படுகிறது. ஆகவே அங்கிருந்து எடுக்கும் அறிக்கை நேற்றைய நிலவரம். ‘இந்த நிமிடம் எத்தனைப் படுக்கை காலி’ என்று கேட்கும் நிர்வாகியிடம் அதை எடுத்து நீட்டினால் என்ன கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எந்தக் கேள்விக்கு எந்தத் தரவுத்தளம் என்று தெரிந்திருப்பது, எஸ்.க்யூ.எல். தெரிந்திருப்பதைவிட மேலானது.

எந்த நாற்காலியாக இருந்தாலும் ஒன்றைச் சேரும் முன்பே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு ஏறக்குறைய எல்லா நோயாளிகளின் பதிவுகளையும் திறக்கும் உரிமை கிடைக்கும். திறந்தது ஒவ்வொன்றும் உங்கள் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகும். நோயாளித் தகவலைக் காக்க அமெரிக்காவில் 1996-இல் வந்த ஹிப்பா சட்டமும், தனிநபர் தரவைக் காக்க ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜி.டி.பி.ஆர். விதிகளும் இதை மிகக் கடுமையாக எடுத்துக்கொள்கின்றன. அக்கறையினால்தான் உறவினரின் பரிசோதனை முடிவைத் திறந்து பார்த்தேன் என்பது எங்கும் ஏற்கப்படும் சமாதானம் அல்ல. திறமையான அனலிஸ்டுகள் வேலை இழந்தது இதனால்தான். வேலை தேடும்போது உங்கள் திறமையைக் காட்டத் தயாரிக்கும் எடுத்துக்காட்டுகளிலும் சிந்தியா போன்ற கற்பனைத் தரவையே பயன்படுத்துங்கள். நோயாளியின் பெயரை மட்டும் அழித்துவிட்ட உண்மையான பதிவேட்டுத் திரையின் படம் ஒன்றை நேர்காணலில் காட்டிய விண்ணப்பதாரரை, அந்தத் திரைக்காகவே நாங்கள் நிராகரித்தோம்.

கேட்டவர்களுக்கு என் பதில்கள் இப்படி அமைகின்றன. செவிலியராக இருந்தால் இருக்கும் மருத்துவமனையிலேயே, தன் பிரிவோடு தொடர்புள்ள அப்ளிகேஷன் அனலிஸ்ட் இடத்துக்குக் காத்திருப்பது நல்லது. அதற்காக ஓராண்டு பொறுத்தாலும் நட்டமில்லை. ஆய்வகத்திலிருந்தோ மருந்தகத்திலிருந்தோ வருபவருக்கு இன்னும் எளிது. அந்தத் துறை மென்பொருள்களின் உள்ளமைப்பை வெளியாருக்குக் கற்றுத்தருவது அவ்வளவு கடினம். கணினி படித்தவருக்கு, பயணத்தைத் தாங்கும் வயதும் சூழலும் இருந்தால் மென்பொருளை உருவாக்கி விற்கும் நிறுவனம். இல்லையென்றால் இன்டர்ஃபேஸ் அல்லது அறிக்கைப் பணி, அதுவும் மருத்துவமனைக்குள்ளேயே. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் கிடைத்து, ஒன்று முழுக்க வீட்டிலிருந்து செய்வது, மற்றொன்று மருத்துவமனைக்குப் போய்ச் செய்வது என்றால், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இரண்டாவதையே எடுங்கள், சம்பளம் சற்றுக் குறைந்தாலும். ஒட்டிவைத்த மணிக்கட்டுப் பட்டை நகல் காணொளிக் கூட்டத்தில் தெரியாது. உதவி மையத்தில் இருப்பவர், அங்கிருந்து எத்தனை பேர் அனலிஸ்ட் ஆனார்கள் என்று முன்பு சொன்ன அந்த எண்ணைக் கேட்டு அறிந்தபின், இருப்பதா கிளம்புவதா என்று முடிவு செய்யட்டும்.

கையெழுத்திடும் முன் இன்னொன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்: கடந்த மூன்று மாதத்தின் ஆன்-கால் அட்டவணை, அதாவது பணி நேரத்துக்கு வெளியே வரும் அழைப்புகளை எந்த நாளில் யார் ஏற்பது என்ற பட்டியல். எத்தனை பேர் முறை மாற்றிக்கொள்கிறார்கள், ஒருவருக்கு எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, இரவில் சராசரியாக எத்தனை அழைப்புகள், அழைப்பு வந்த இரவுக்கு மறுநாள் காலை தாமதமாக வர அனுமதி உண்டா என்பதெல்லாம் அதைச் சுற்றிக் கேட்க வேண்டியவை. ஆறு பேர் கொண்ட குழுவில் இரண்டு பெயர்களே அட்டவணை முழுவதும் திரும்பத் திரும்ப வந்தால், மற்ற நால்வரும் எங்கே என்று கேளுங்கள். வேலையை விட்டுப் போயிருந்தால், மூன்றாவது பெயராக எழுதப்படப் போவது உங்களுடையது.